சிவக்காத சுடர்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் ஸ்ரீவித்யா மதித்த ஜீவன் ஒன்றே ஒன்றுதான். கான்டீன் பூனை. அது எலியைப் பிடித்தால்தான் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். மற்றவர்களைப் பற்றி அவளால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

இயற்பியல் துறையில் அவள் இணைப் பேராசிரியர். செய்வது பீங்கான் ஆராய்ச்சி. பீங்கான் என்றதும் ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் குடியிருந்த பிளாட்காரர்கள் ஊறுகாய் ஜாடியைத்தான் நினைத்தார்கள். அவளும் திருத்தவில்லை. காஸ் அடுப்பு லைட்டரை அழுத்தினால் பொறி பறக்கிறதே, அதற்குள் இருப்பதும் ஒரு பீங்கான் துண்டுதான். நசுக்கினால் மின்சாரம் தரும். அந்த வகைப் பீங்கானில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். ஈயம் விஷம். ஈயம் இல்லாமல் அதே வேலையைச் செய்யும் ஒரு வில்லையைச் செய்வது என்று இளம்வயதில் கிளம்பியவளுக்கு இப்போது ஐம்பது ஆகப்போகிறது. வில்லை பாதி தூரம் வந்திருந்தது. அதில் சேர்க்க வேண்டிய பொட்டாசியம் உப்பு சென்னைக் காற்றைக் கண்டாலே நசநசத்து ஈரம் குடித்துவிடும். எடை பொய் சொல்லும். எடை பொய் சொன்னால் கலவை பொய்; கலவை பொய்யானால் உலையிலிருந்து வருவது வெறும் ஓட்டாஞ்சில்லு. ஐப்பசி, கார்த்திகையில் அவள் உலையை மூட்டுவதே இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் எழுதிய கட்டுரைகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

துறைத் தலைவர் ஷ்யாம்சுந்தருக்கு அது ஒரு வருஷக் கணக்கு. தீபாவளிக்குள் முடித்துவிடுவார்.

அவருடைய வித்தை எளிமையானது. இரண்டு ரசாயனங்களைத் தண்ணீரில் கரைத்து, பீக்கர் வாயைத் துளைபோட்ட தாளால் மூடி, ஜன்னலோரம் வைத்துவிட வேண்டும். தண்ணீர் மெல்ல ஆவியாகி, அடியில் கண்ணாடி மாதிரி ஒரு படிகம் விழும். இரண்டு ரசாயனமும் கைகோத்துப் புதுப்பொருளாகிவிட்டன என்று அறிவித்து, வாய் வலிக்கும் நீளத்தில் ஒரு பெயர் வைத்து, நாலு இயந்திரத்தில் காட்டிப் படம் எடுத்துக் கட்டுரையாக்கிவிடலாம். அடுத்த படிகத்துக்கு அதே கட்டுரையில் பெயரை மட்டும் மாற்றினால் ஆயிற்று. இரண்டும் நிஜமாகவே கைகோத்தனவா, இல்லை ஒன்று மட்டும் பழையபடி தனியாகக் குந்திக்கொண்டதா என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. துறை வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் பஞ்சு மெத்தைமேல் அத்தனை படிகங்களும், காதுகுத்து விழாவில் வைத்த சீர்வரிசை மாதிரி.

ஸ்ரீவித்யா இதையெல்லாம் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பாள். வீட்டுக்குப் போய்க் கணவன் பத்ரிநாராயணனிடம் சொல்லிச் சிரிப்பாள். ஷ்யாம்சுந்தரின் ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோருக்கும் ஆய்வுக்குழுவில் அவளும் ஓர் உறுப்பினர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் நடக்கும். பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். சிரிப்பதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றோடொன்று ஒட்டாத விஷயங்கள் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த மாணவர்களில் ஒருத்திதான் எப்சி. முடிச்சூர்ப் பெண். அம்மா மெட்டில்டா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அப்பா இல்லை. எப்சி கூட்டங்களில் வாயே திறக்க மாட்டாள். ஷ்யாம்சுந்தர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவாள். ஸ்ரீவித்யா அவளை முதல் வருஷமே எடைபோட்டு மூலையில் வைத்துவிட்டாள்: இன்னொரு பொம்மை.

அந்தப் பொம்மை ஒரு நாள் பிற்பகல் கீழ்த்தளத்து உலை அறைக்கு வந்து நின்றது. பொது வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

"மேடம், ஒரு டவுட்."

"உன் கைடு மேலே இருக்கார்."

"அவர்கிட்ட கேட்டுட்டேன் மேடம்." எப்சி கைக்குட்டையில் சுற்றியிருந்த படிகத்தைப் பிரித்துக் காட்டினாள். விரல் நீளம், நல்ல தெளிவு. "இது தயோயூரியாவும் லித்தியமும் சேர்ந்த புதுப் படிகம்னு மூணு பேப்பர் போட்டாச்சு. எனக்கென்னவோ இதுல லித்தியமே இல்லைன்னு தோணுது. பாட்டில்ல வாங்கின தயோயூரியாவே திரும்ப வந்து படிஞ்சிருக்கு."

ஸ்ரீவித்யா தலை நிமிராமல் பொடியை இடித்துக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் தோணிச்சா?"

"ரெண்டாவது வருஷமே தோணிச்சு மேடம். சார்கிட்ட சொன்னேன். 'பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சு, அப்புறம் என்ன சந்தேகம்'னாரு."

"சரியாத்தானே சொல்லியிருக்கார்! உனக்கு வேண்டியது டாக்டர் பட்டம். லித்தியம் இருந்தா என்ன, லட்டு இருந்தா என்ன? எழுதினதை ஒப்பிச்சுட்டு, சாப்பாடு போட்டு அனுப்பு. உனக்கு முன்னாடி எல்லாரும் அதைத்தான் பண்ணாங்க."

எப்சி படிகத்தை மறுபடி கைக்குட்டையில் சுற்றினாள். பிறகு கேட்டாள்.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா மேடம்?"

"இதைத் தெரிஞ்சுக்க ஜோசியமா பார்க்கணும்?"

"ஒவ்வொரு கூட்டத்துலயும் நீங்க இருந்தீங்களே."

கோபமாகக் கேட்டிருந்தால் ஸ்ரீவித்யா பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். அந்தப் பெண், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஸ்ரீவித்யா தொடர்ந்து இடித்தாள். பொடி எப்போதோ மாவாகிவிட்டிருந்தது. அதற்குமேல் இடிக்க அதில் ஒன்றும் இல்லை. அன்று அவள் செய்த வில்லை உலைக்குள் இரண்டாகப் பிளந்துபோயிற்று.

தேர்வு நாளன்று கருத்தரங்கக் கூடத்தில் ஏசி போட்டிருந்தார்கள். வெளித் தேர்வாளர் ஜெயகிருஷ்ணன் வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தார். ஷ்யாம்சுந்தரின் மாணவர்களுக்கு இவர் தேர்வாளர்; இவர் மாணவர்களுக்கு ஷ்யாம்சுந்தர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள் மாதிரி ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். வாசலில் பிரியாணி அண்டா இறங்கிய வாசனை கூடம்வரைக்கும் வந்தது. முதல் வரிசையில் மெட்டில்டா பட்டுப்புடவையில், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீவித்யா பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக்கொண்டாள். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் கிளம்பலாம்.

எப்சி பேச ஆரம்பித்தாள். அறிமுகம், வளர்ப்பு முறை, படங்கள். ஜெயகிருஷ்ணன் கைப்பேசியில் ரயில் நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தார். எப்சி கடைசிப் படத்துக்கு வந்தாள். 'முடிவுகள்' என்று தலைப்பு இருந்தது. கீழே ஒரே வரி. கூடத்தில் அதை முதலில் படித்தது பின்வரிசையில் இருந்த ஸ்ரீவித்யாதான். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்த ஆய்வேட்டில் புதுப் படிகம் எதுவும் இல்லை," என்று எப்சி அந்த வரியை வாசித்தாள். "நான் வளர்த்தது சாதாரணத் தயோயூரியா. படிகத்தை ஆல்கஹால்ல கழுவி, உடைச்சு, நடுவுல இருந்து துண்டு எடுத்து சுடர்ச் சோதனை பண்ணினேன். லித்தியம் இருந்தா சுடர் செக்கச்செவேல்னு சிவக்கணும். சிவக்கலை. இயந்திரப் படங்களையும் பழைய தயோயூரியா படங்களோட ஒப்பிட்டேன். ரெண்டும் ஒண்ணுதான். இதை வச்சு வந்த மூணு கட்டுரையும் தப்பு."

முதலில் சிரித்தது ஷ்யாம்சுந்தர்.

"டென்ஷன்," என்றார் சம்பந்தியைப் பார்த்து. "நல்ல பொண்ணு. ரொம்ப சின்சியர். வைவான்னா எல்லாருக்கும் வர்ற பயம்தான்."

ஜெயகிருஷ்ணன் கைப்பேசியைக் கீழே வைத்தார். ரயில் சரியான நேரத்துக்குத்தான் வருகிறது போலும். "மகளே," என்று தழுதழுத்த குரலில் தொடங்கினார். "ஆராய்ச்சியில் தன்னடக்கம் முக்கியம். உன்னிடம் அது இருக்கிறது. தன் வேலையைத் தானே சந்தேகிப்பவர்தான் விஞ்ஞானி. நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்."

யாரோ கை தட்டினார்கள். அது பரவியது. மெட்டில்டாவும் விவரம் புரியாமல் தட்டினாள்.

ஸ்ரீவித்யா எத்தனையோ கேவலங்களைப் பார்த்தவள். ஆனால் தான் திருடியதாக ஒருத்தி மேடையேறிச் சொல்ல, அவளுடைய நேர்மையை மெச்சித் திருட்டுப் பொருளையே பரிசாகக் கொடுக்கும் கூட்டத்தை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. எப்சி மேடையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அவள் தயார்பண்ணிக்கொண்டு வந்தது திட்டு வாங்குவதற்கு, இதற்கு இல்லை.

ஸ்ரீவித்யா எழுந்தது அப்போதுதான். அவள் கூட்டத்தில் எழுந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் கைதட்டல் தானாக நின்றது.

"சார், பரிந்துரைக்கு முன்னாடி அந்தச் சோதனையைப் பார்த்துடலாமே. கீழே கெமிஸ்ட்ரி லேப்ல அஞ்சு நிமிஷ வேலை."

"மேடம், இது பிளஸ் டூ பிராக்டிகல் இல்ல," என்றார் ஷ்யாம்சுந்தர். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"தெரியும் சார். பிளஸ் டூவில் தப்பாச் சொன்னா மார்க் போட மாட்டாங்க."

பின்வரிசை மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். பொது வாய்மொழித் தேர்வில் யாரும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. தட்டிக்கழிக்க வழியில்லாமல் ஊர்வலமாக எல்லோரும் கீழே இறங்கினார்கள். பிரியாணி அண்டாவைக் கடக்கும்போது ஜெயகிருஷ்ணன் அதை ஏக்கத்தோடு ஒரு பார்வை பார்த்தார்.

எப்சி பர்னரைப் பற்றவைத்தாள். கம்பியை அமிலத்தில் நனைத்து, முதலில் பாட்டிலில் இருந்த லித்தியம் உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினாள். சுடர் குபீரென்று சிவந்தது. பார்த்த மாணவர்கள் 'ஓ' என்றார்கள். கம்பியைச் சுத்தம் செய்துவிட்டு, உடைத்த படிகத்தின் நடுத்துண்டைக் காட்டினாள். சுடர் சிவக்கவில்லை. நீலத்தோடு ஒரு சோகை மஞ்சள் ஓடியது. கந்தகம் கருகும் நாற்றம் எழுந்து எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். இன்னொரு துண்டு. அதே சோகை, அதே நாற்றம்.

"பார்த்தாச்சா?" என்றாள் ஸ்ரீவித்யா.

ஜெயகிருஷ்ணன் கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார். "இவ்வளவு சாதாரணச் சோதனையை வைத்து முனைவர் பட்ட அளவிலான ஆய்வை மதிப்பிட முடியாது. லித்தியம் மிக நுண்ணிய அளவில் இருந்திருக்கலாம். அது இனி வரும் ஆய்வுக்கான வாய்ப்பு."

"தலைப்பில் பாதி லித்தியம் சார். நுண்ணிய அளவிலயா இருக்கும்?"

அவர் தேர்வு அறிக்கையை ஆய்வக மேஜையிலேயே விரித்துக் கையெழுத்துப் போட்டார். ஷ்யாம்சுந்தர் போட்டார். பேனா ஸ்ரீவித்யாவுக்கு வந்தது.

பத்து வருஷமாகக் காட்டிய இடத்தில் போட்ட கை. அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"நான் போடலை."

"வித்யா மேடம்," ஷ்யாம்சுந்தர் குரலைத் தாழ்த்தினார், "அந்தப் பொண்ணோட அஞ்சு வருஷம். அவங்க அம்மா வெளியில உட்கார்ந்திருக்காங்க."

"அவளே வேண்டாங்கறா சார். நமக்குத்தான் வேணும்."

அன்றைக்குப் பிரியாணி வீணாகவில்லை. கீழே நடந்தது காதில் விழாதவர்கள் போல எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். எப்சியும் மெட்டில்டாவும் சாப்பிடவில்லை. வாசலில் வேப்பமரத்தடியில் தாயும் மகளும் நின்று பேசுவதை ஸ்ரீவித்யா தூரத்திலிருந்து பார்த்தாள். மெட்டில்டா முதலில் மகளை என்னவோ ஏசினாள். பிறகு அழுதாள். பிறகு பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மகளிடம் நீட்டினாள். ஸ்ரீவித்யாவுக்கு அவர்கள் பக்கத்தில் போகக் கால் வரவில்லை.

வீட்டில் பத்ரிநாராயணனிடம் சொன்னபோது அவர் வழக்கம்போல் சிரிக்கத் தயாரானார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இத்தனை நாளா நான் அந்தப் பொண்ணைப் பொம்மைன்னு சொல்லிண்டிருந்தேன்," என்றாள். "கமிட்டில நிஜப் பொம்மை யார்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"விடு. உன்னால தனியா என்ன பண்ணியிருக்க முடியும்?"

"பேனாவை மூடி வச்சிருக்கலாம். இன்னிக்கு வச்சேனே. கையொண்ணும் உடையலையே."

அவளுடைய கையெழுத்து இல்லாததால் ஒன்றும் நின்றுவிடவில்லை. அடுத்த வாரமே குழுவில் அவளுக்குப் பதிலாகக் கணிதத் துறையிலிருந்து ஒருவரை உட்காரவைத்து வாங்கிக்கொண்டார்கள். அவருக்குத் தயோயூரியாவும் ஒன்றுதான், தயிர்சாதமும் ஒன்றுதான். பட்டம் வந்துவிட்டது. தனக்கு வேண்டாம் என்று எப்சி பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டாள். பட்டத்தை மறுப்பதற்கு விதிகளில் இடமில்லை என்று பதில் வந்தது. அவள் மறைமலைநகர்ப் பக்கம் மின்கம்பப் பீங்கான் செய்யும் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பெயருக்கு முன்னால் எதையும் போட்டுக்கொள்ளவில்லை.

ஸ்ரீவித்யாவுக்கு முதலாம் ஆண்டு வகுப்புகளை அள்ளிக் கொடுத்தார்கள். உலை அறையில் 'புத்தாக்க மையம்' என்று பலகை மாட்டி, உலையைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளினார்கள். மையத்தில் நான்கு வண்ண நாற்காலிகள் போட்டார்கள். அங்கே புத்தாக்கமாக நடந்தது மாணவர்களின் மதியத் தூக்கம்தான்.

ஒரு சனிக்கிழமை அவள் எப்சிக்குப் போன் செய்தாள். என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அந்தக் கண்ணாடி அலமாரி இருக்கே. அதுல இருக்கற மத்ததையும் பார்த்துடலாமா?"

"திறக்க விடுவாங்களா மேடம்?"

"அதுக்குப் பூட்டே கிடையாது. இத்தனை வருஷத்துல யாருக்கும் திறந்து பார்க்கணும்னு தோணலை."

சனிக்கிழமைதோறும் எப்சி வந்தாள். ஒவ்வொரு படிகத்திலிருந்தும் கடுகளவு சுரண்டி, அது உருகும் வெப்பத்தையும் மூல ரசாயனம் உருகும் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சுடரில் காட்டினார்கள். எப்சியின் தொழிற்சாலை மேலாளர் நல்ல மனுஷன். ஓய்ந்த நேரத்தில் அங்கிருந்த எக்ஸ்ரே கருவியைத் தொட அனுமதித்தார். முதல் படிகம் வெறும் போரிக் அமிலம். கேரம் போர்டில் தூவுவது. இரண்டாவது சாதா யூரியா, வயலுக்குப் போடுவது. பெயர்ச்சீட்டில் மட்டும் இரண்டும் மகாராஜாக்கள். ஐந்தாறு படிகம் வரைக்கும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு வற்றிவிட்டது. அந்தப் படிகங்களை வைத்து வாங்கிய பட்டங்களில் முக்கால்வாசிக்கு ஸ்ரீவித்யா கையெழுத்துப் போட்டிருந்தாள் என்பது இருவருக்கும் தெரியும். எப்சி அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் ஸ்ரீவித்யாவே சொன்னாள்: "இதுக்கும் நான்தான்."

நிஜமாகவே புதியதாக இருந்த படிகங்களும் இரண்டு தேறின. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். கட்டுரையில் முதல் பெயர் எப்சி, இரண்டாவது ஸ்ரீவித்யா. முன்பு தானும் ஒப்புதல் கொடுத்தவள் என்ற வரியைச் சேர்க்க வேண்டும் என்று ஸ்ரீவித்யா பிடிவாதம் பிடித்தாள். நல்ல பத்திரிகை ஒன்று நான்கு தடவை குடைந்துவிட்டு வெளியிட்டது. அவளுடைய பீங்கான் கட்டுரைகளை மொத்தமாகப் படித்தவர்களைவிட அதிகம் பேர் இதை ஒரே மாதத்தில் படித்தார்கள். வெளியூர்ப் படிகக்காரர்கள் சிலர் திட்டி எழுதினார்கள். ஒருவர் நன்றி சொல்லி எழுதினார்.

ஷ்யாம்சுந்தர் என்ன செய்வார் என்று ஸ்ரீவித்யா காத்திருந்தாள். நோட்டீஸ் வரும், விசாரணை வரும் என்று பத்ரிநாராயணன் தெரிந்த வக்கீலிடம்கூடப் பேசி வைத்திருந்தார்.

வந்தது அழைப்பிதழ். கல்லூரி நாள் விழாவில் சிறந்த ஆராய்ச்சியாளர் என்று அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பத்திரிகையின் தரம், துறையில் இதுவரை யாரும் தொடாத உயரமாம். கல்லூரியின் தேசியத் தரவரிசைக்கு அதில் வந்த ஒரு கட்டுரை, மற்றவற்றில் வந்த இருபதுக்குச் சமமாம். ஷ்யாம்சுந்தர் மைக்கைப் பிடித்து, கட்டுரையின் தலைப்பை ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். தன் படிகங்கள் பொய் என்று சொல்லும் தலைப்பை, பேரனின் மழலையைச் சொல்லிக் காட்டுபவர் போலப் பூரிப்போடு வாசித்தார். "நம்ம துறையின் இந்த வருஷ வெளியீடுகளில் மணிமகுடம்," என்றார். பெற்றோர்கள் கை தட்டினார்கள். அவரே கிட்டே வந்து அவள் தோளில் சால்வையைப் போர்த்தினார்.

"சார்," என்றாள் அவள், மைக்குக்குக் கேட்காமல், "கட்டுரையைப் படிச்சீங்களா?"

"டைட்டில் பார்த்தேன் மேடம். பிரமாதம். அடுத்தது எப்போ?"

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. அவள் உற்றுப் பார்த்தாள், தேடினாள், ஒரு சொட்டுச் சூடுகூட அங்கே தென்படவில்லை. இந்த மனிதரை வெறுப்பதற்காகத் தன் பாதி ஆயுளைச் செலவழித்தது வீண் என்று அவளுக்குத் தோன்றியது. வெறுப்பதற்குக்கூட உள்ளே யாராவது இருக்க வேண்டும்.

சால்வையோடு மேடையை விட்டு இறங்கி நேராக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். எப்சியிடமிருந்து போன் வந்தது.

"என்ன மேடம் சொன்னாங்க?"

"வாழ்த்தினாங்க. கணக்குல சேர்த்துண்டாங்க."

எப்சிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் மூச்சுத் திணறச் சிரித்தாள். ஸ்ரீவித்யாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேடையில் யாரோ நடன நிகழ்ச்சி தொடங்கியிருந்தார்கள், ஸ்பீக்கர் அதிர்ந்தது.

"மேடம், எங்க பிளாண்ட்ல ஈரம் புகாத ஒரு ரூம் இருக்கு," என்றாள் எப்சி சிரிப்பு அடங்கியதும். "பவுடர் எடைபோடற ரூம். மேலாளர்கிட்ட கேட்டேன். உங்க பொட்டாசியம் உப்பை அங்க வச்சு எடை போடலாம்னாரு. மழைக்காலத்துலகூட."

"வர்ற சனிக்கிழமை எடுத்துண்டு வரேன்," என்றாள் ஸ்ரீவித்யா. சால்வையை மடித்து ஸ்கூட்டர் சீட்டில் படிந்திருந்த தூசியை நன்றாகத் துடைத்துவிட்டு, ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் கிளம்பினாள்.